மில்லிசெகண்டில் ஒரு சாட்சி

காப்பீட்டு நிறுவனத்தின் நிராகரிப்புக் கடிதத்தில் இரண்டு காரணங்கள் இருந்தன. முதலாவது, விலக்கு எண் 12: குடிப்பழக்கத்துக்கான சிகிச்சையும் அதன் விளைவுகளுக்கான சிகிச்சையும் பாலிசியில் அடங்காது. இரண்டாவது, விலக்கு எண் 4: வெறும் பரிசோதனைக்காக மருத்துவமனையில் சேர்ந்தால் பணம் இல்லை, சி.டி. ஸ்கேன் இயல்பாக இருப்பதால் கணைய அழற்சி என்பதற்கு ஆதாரம் கிடையாது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், இந்த மனிதருக்கு நோயே இல்லை, அப்படியே இருந்தாலும் அது குடித்து வந்த நோய் என்று பொருள். ஒரே கடிதத்தில் ஒன்றையொன்று முட்டும் இரண்டு காரணங்களைப் பார்த்ததும் இந்த வழக்கை எடுக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

கடிதத்தைக் கொண்டுவந்தவர் திருத்தங்கல்காரர். சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் மெஷின்மேன். நாற்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியதும் ஈ.எஸ்.ஐ. அட்டை நின்றுபோனது. பிள்ளைகள் இருக்கிறார்களே என்று 2021 தொடக்கத்தில் குடும்பத்துக்கு ஒரு மருத்துவக் காப்பீடு எடுத்தார். மேல் வயிற்றில் பிடித்து முதுகுக்குப் பாயும் வலி அவருக்கு விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. சாப்பிட்டால் கூடும். முன்னால் குனிந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கொஞ்சம் ஆறும். எங்கள் பக்கத்தில் இந்த வலிக்கு வைக்கும் பெயர் ‘அல்சர்’. ஆடிப்பெருக்குக்கு காலண்டர் ஆல்பம் வெளியானதும் சிவகாசி அச்சகங்களுக்கு வேலை கட்டி வரும். மார்கழி வரைக்கும் இரவு ஷிஃப்ட் ஓடும். நேரத்துக்குச் சாப்பிடாதவனுக்கு அல்சர் வராமல் என்ன செய்யும் என்று அவரும் நம்பினார், வீட்டிலும் நம்பினார்கள். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலை பார்த்தார். பாலிசி எடுத்த பிறகு ஒரு டாக்டர் எண்டோஸ்கோப்பி பார்த்து, இரைப்பையில் லேசான புண் என்று எழுதிக்கொடுத்தார். 2022 டிசம்பரில் ஓர் இரவு மெஷின் அடியிலேயே சுருண்டு விழுந்தார். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். செலவு ஒன்றேகால் லட்சத்தைத் தொட்டது. மனைவியின் சங்கிலி அடகுக்குப் போனது.

“அவுக குடிக்கிற ஆளு இல்லய்யா. பணம் வராட்டிக்கூடப் போகுது. குடிகாரன்னு எழுதிட்டாங்களே, அத அழிக்கணும்” என்று அந்த அம்மா சொன்னார். பணம்தான் கேட்டு வருகிறார்கள் என்று நினைத்திருந்தேன். அவருக்கு அந்த வரிதான் பெரிதாக இருந்தது.

அந்த வரி எங்கிருந்து வந்தது என்று தேடுவதில்தான் வழக்கின் முதல் பாதி கழிந்தது. நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால், மருத்துவ ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நடத்தை விதிகள் சொல்கின்றன. டிஸ்சார்ஜ் சுருக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு வழக்குப் போடுகிறவர்கள் பலர். நான் கேஸ் ஷீட் முழுவதையும் கேட்டு வாங்கினேன். நர்ஸ்கள் குறித்த வலி அட்டவணையிலிருந்து டாக்டர் ரவுண்ட்ஸ் வந்துபோன குறிப்புகள் வரை எல்லாம் அதில் இருக்கும்.

சேர்த்த இரவில் பணியில் இருந்த இளம் டாக்டர் எழுதிய தாள் முதல் தாள். பழக்கங்கள் என்ற கட்டத்தில் புகை இல்லை, மது எப்போதாவது என்று கையால் எழுதியிருந்தது. சொன்னவர் யார் என்று விசாரித்தேன். கூடப் போன மச்சினன். “கல்யாணத்துக்கு முந்தி, பொங்கல் தீபாவளின்னா கூட்டாளிகளோட ஒரு பீரு குடிப்பாப்ல, அதத்தான் சார் சொன்னேன்” என்றார். நோயாளி வலியில் துடித்துக்கொண்டிருந்தார்; அவரிடம் யாரும் கேட்கவில்லை. டிஸ்சார்ஜ் சுருக்கத்தில், அதே எப்போதாவது, ‘மதுப்பழக்கம் உண்டு’ என்று டைப் ஆகியிருந்தது. காப்பீட்டு நிறுவனத்தின் சார்பில் விசாரிக்கப் போனவர் எழுதிய அறிக்கையில் ‘நாட்பட்ட குடிப்பழக்கம் உள்ளவர்’ என்று ஆகிவிட்டது. அந்த விசாரணையாளர் திருத்தங்கலுக்கு வரவேயில்லை. அச்சகத்தில் யாரையும் கேட்கவில்லை. மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் சுருக்கத்தின் நகலை வாங்கிப்போயிருக்கிறார், அவ்வளவுதான். மூன்று தாள்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து ஒரே சான்றாவணமாக இணைத்தேன். வாதத்தில் நான் பெரிதாகப் பேச வேண்டியிருக்கவில்லை.

சந்தேகத்தின் பேரில் ஒருவன் மேல் பழி விழுந்த கதை திருத்தங்கலுக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தில் கட்டுரை காதையில் வருகிற தங்கால் இந்த ஊர்தான். அந்த ஊர் வார்த்திகனின் மகனுக்குப் பராசரன் என்பவன் மனம் மகிழ்ந்து நகைகளைக் கொடுத்துப் போகிறான். ஏழை வீட்டில் திடீரென்று பொன் மின்னியதைக் கண்ட அரசனின் ஆட்கள், புதையலை அமுக்கிக்கொண்டான் என்று வார்த்திகனைச் சிறையில் தள்ளுகிறார்கள். அவன் மனைவி கார்த்திகை அழுது புலம்ப, கொற்றவை கோயிலின் கதவு திறக்க மறுக்கிறது. பாண்டியன் விசாரித்து, தவறு தன் ஆட்களுடையது என்று உணர்ந்து அவனை விடுவித்து, தங்காலையும் வயலூரையும் அவனுக்குக் கொடுக்கிறான். மதுரை எரிந்த கதைக்குள் இந்தச் சிறிய வழக்கையும் இளங்கோவடிகள் வைத்தது எனக்கு எப்போதும் வியப்பு. வார்த்திகனிடம் அந்தப் பொன் எப்படி வந்தது என்று அந்த ஆட்கள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

ஆண் ஒருவருக்குக் கணைய அழற்சி என்றதும் குடி என்று முடிவு கட்டும் பழக்கம் டாக்டர்களிடமும் இருக்கிறது, காப்பீட்டு அலுவலகங்களிலும் இருக்கிறது. குடி ஒரு முக்கியக் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் தென்னிந்தியாவின் கதை வேறு. குடிக்காத, மெலிந்த, ஏழை இளைஞர்களுக்குக் கணையத்தில் கல் அடைந்து, பிறகு சர்க்கரை நோயும் வருவதை 1960-களிலேயே கேரளத்து டாக்டர் பி.ஜே. கீவர்கீஸ் நூற்றுக்கணக்கான நோயாளிகளிடம் கண்டு எழுதினார். சென்னையில் டாக்டர் வி. மோகனும் அவர் குழுவும் அந்தச் சர்க்கரை நோயைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். மரவள்ளிக் கிழங்கைக் காரணமாகச் சொன்ன காலம் ஒன்று இருந்தது, அது நிலைக்கவில்லை. 2002-ல் ஐதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வாளர்கள் ஸ்பிங்க்-1 என்ற மரபணுவில் உள்ள மாற்றத்துக்கும் இந்த நோய்க்கும் நெருங்கிய தொடர்பைக் கண்டார்கள். கணையம் சுரக்கும் டிரிப்சின் நேரம் தப்பி உள்ளேயே கிளர்ந்து கணையத்தையே அரிக்காமல் காக்கும் புரதத்தை உண்டாக்குகிற மரபணு அது. 2008-ல் டாக்டர் வி. பாலகிருஷ்ணன் தலைமையில் நாடு முழுக்க 1,086 நோயாளிகளைத் தொகுத்த ஆய்வு வந்தது. அதில் குடியால் வந்தது என்று சொல்லத்தக்கவர்கள் சுமார் 39 சதவீதம். காரணம் இன்னதென்று காட்ட முடியாதவர்கள் சுமார் 60 சதவீதம். எதிர்த்தரப்பின் ஊகத்துக்கு என் பதில் இந்த எண்ணில் இருந்தது. குடியால் வருகிற கணைய நோயிலும் எவ்வளவு குடித்தால் என்ற கேள்வி உண்டு. வட அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்றில், ஒரு நாளைக்கு ஐந்து அளவு அல்லது அதற்கு மேல் குடிக்கிறவர்களிடம்தான் தொடர்பு தெளிவாகத் தெரிந்தது. கல்யாணத்துக்கு முன் குடித்த பொங்கல் பீரை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

சட்டமும் இந்த இடத்தில் எங்கள் பக்கம் நின்றது. விலக்கு விதியைக் காட்டிப் பணம் மறுக்கிறவர்தான் அந்த விதி பொருந்துகிறது என்று நிரூபிக்க வேண்டும் என்று ஈஷர் தாஸ் மதன் லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2007-ல் சொல்லியிருக்கிறது. குடிக்கவில்லை என்று நான் நிரூபிக்க வேண்டியதில்லை. அதனால் முதல் காரணத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. இரண்டாவது காரணம்தான் தூக்கத்தைக் கெடுத்தது.

சி.டி. இயல்பு. வயிற்று அல்ட்ராசவுண்ட் இயல்பு. ரத்தத்தில் லைபேஸ் என்ற கணையச் சுரப்பு ஏறியிருந்தது. ஆனால் திடீர்க் கணைய அழற்சி என்று சொல்லக் கேட்கப்படும், இயல்பின் மேல் எல்லையைப் போல் மூன்று மடங்கு இல்லை, இரண்டு மடங்கை ஒட்டி நின்றுவிட்டது. காப்பீட்டு நிறுவனத்தின் டாக்டர் இதைத்தான் பிடித்துக்கொண்டார். அவர் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் நாட்பட்ட கணைய அழற்சியின் தொடக்கத்தில் இப்படித்தான் இருக்கும். கல் அடைந்து, குழாய் விரிந்து, கணையம் சுருங்கிய பிறகு எந்த ஸ்கேனிலும் தெரியும். அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் நோயாளிக்கு வலி உண்டு, படத்தில் ஒன்றும் இராது. திசுவை எடுத்துப் பார்க்கலாமே என்றால், ஊசி குத்தினாலே கொதித்துக்கொள்ளும் உறுப்பு அது. ஆரம்ப நிலையில் யாரும் துணிய மாட்டார்கள். எண்டோஸ்கோப்பியோடு சேர்ந்த அல்ட்ராசவுண்டில் சில குறிகள் தெரிந்தன. ஆனால் அது பார்க்கிறவரின் கண்ணைப் பொறுத்தது; ஒரே படத்தை இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகப் படிப்பார்கள்.

வைத்தியம் பார்த்த குடல் மருத்துவர், பெருநகர் ஒன்றில் உள்ள ஆராய்ச்சி வசதி கொண்ட மருத்துவமனைக்கு அவரை அனுப்பிவைத்தார். அங்கே கணையத்துக்கு அளவீட்டு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். எனக்கு அது புதிய சொல். அறிக்கையைப் படித்து ஒன்றும் விளங்காமல், நேரில் போய் ரேடியாலஜி டாக்டரிடம் கேட்டேன். கட்சிக்காரரும் கூட வந்தார். டாக்டர் பொறுமையாகத் திரையின் முன் உட்காரவைத்து விளக்கினார்.

வழக்கமான எம்.ஆர்.ஐ. படத்தில் கணையம் வெளுப்பா கறுப்பா என்பதைப் பக்கத்து உறுப்புகளோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். அதற்கு அலகு கிடையாது. அளவீட்டு முறையில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் வருகிறது. காந்தத்துக்குள் உடம்பு போனதும் உடம்பு நீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் காந்தப் புலத்தின் திசையில் ஒழுங்காகின்றன. ரேடியோ அலையால் அவற்றைத் தட்டிவிட்டால் சாய்கின்றன. மறுபடி நிமிர எடுக்கும் நேரத்துக்குப் பெயர் டி-1. அதை மில்லிசெகண்டில் அளக்கிறார்கள். நல்ல கணையத்தின் செல்களில் செரிமானப் புரதங்கள் நிறைந்திருப்பதால் டி-1 குறைவு. அந்தச் செல்கள் அழிந்து நார் படர்ந்தால் டி-1 நீள்கிறது. அடுத்து, காட்டோலினியம் கலந்த மருந்தை ஊசியில் ஏற்றி, முன்னும் பின்னும் டி-1 அளந்து, ரத்தத்தின் சிவப்பணு அளவையும் கணக்கில் சேர்த்தால், திசுவில் செல்களுக்கு வெளியே உள்ள இடம் எவ்வளவு என்ற பங்கு கிடைக்கும். நார் கூடினால் அந்தப் பங்கும் கூடும். இதய எம்.ஆர்.ஐ.யில் பல ஆண்டுகளாகப் புழங்கும் முறையைத்தான் கணையத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழகத்தின் டெமல் டிர்கஸ் குழு 2017-ல் வெளியிட்ட ஆய்வை டாக்டர் எடுத்துக் காட்டினார். 3 டெஸ்லா காந்த வலிமை உள்ள கருவியில் 900 மில்லிசெகண்டை எல்லையாக வைத்தால், லேசான நாட்பட்ட அழற்சி உள்ளவர்களில் 80 சதவீதம் பேரை அது பிடிக்கிறது. நோய் இல்லாதவர்களில் 69 சதவீதம் பேரைச் சரியாக விடுகிறது. அதே குழு அடுத்த ஆண்டு, செல்லுக்கு வெளியே உள்ள இடத்தின் பங்கையும் டி-1-ஐயும் சேர்த்துப் பார்த்தபோது, பிடிப்பது 85, விடுவது 92 சதவீதம் என்று ஆனது. எங்கள் ஆளுடைய டி-1 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. மற்ற அளவும் எல்லைக்கு மேலே. மலத்தில் எலாஸ்டேஸ் என்ற கணையச் சுரப்பும் குறைந்திருந்தது.

திரையில் கணையம் வண்ணத்தில் தெரிந்தது. ஈரல் ஒரு நிறம், கணையம் செம்மஞ்சள். டாக்டர் கணையத்தின் தலை, உடல், வால் மூன்றிலும் சிறு வட்டங்களை வைத்தார். ரத்தக் குழாயோ கொழுப்போ வட்டத்துக்குள் வந்துவிடாமல் சுண்டு விரல் நகத்தைவிடச் சிறிதாக வட்டத்தைக் குறுக்கி, ஒவ்வொன்றையும் இரண்டு முறை நகர்த்திச் சரிபார்த்தார். வட்டத்துக்குப் பக்கத்தில் எண் வந்தது.

எங்கள் மெஷின்மேன் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், “டாக்டர், இந்தக் கலரு மெஷின்லருந்து வர்றதா, நாம போடுறதா?” என்றார்.

“நாம போடுறதுதான். எண்ணுக்கு ஏத்த மாதிரி.”

“அப்ப ஸ்கேல மாத்துனா இதையே பச்சையாக் காட்டிரலாமே?”

டாக்டர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். “காட்டலாம். அதனாலதான் அறிக்கையில எண்ணத்தான் எழுதுறோம்” என்றார். பக்கத்தில் இருந்த ஸ்கேலை நகர்த்தியும் காட்டினார். செம்மஞ்சள் பச்சையானது. எண் அசையவில்லை. மையின் அடர்த்தியை அளவு பார்த்தே வாழ்க்கையை ஓட்டியவருக்குப் பார்த்த மாத்திரத்தில் விளங்கிய விஷயம் எனக்கு அதுவரை தோன்றவில்லை. வண்ணப் படத்தைப் பெரிதாக்கி நுகர்வோர் ஆணையத்தில் வைப்பதென்று நினைத்திருந்தேன். அங்கேயே அந்த எண்ணத்தை விட்டேன். நிபுணர் தன் முடிவை மட்டும் சொன்னால் போதாது, அந்த முடிவுக்கு அவரைக் கொண்டுவந்த தரவையும் அளவுகோலையும் முன்வைக்க வேண்டும் என்று ரமேஷ் சந்திர அகர்வால் வழக்கில் 2009-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை நான் பல முறை மேற்கோள் காட்டியிருக்கிறேன். அது என்னவென்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். கருவி எத்தனை டெஸ்லா, எந்த முறையில் அளந்தது, வட்டங்கள் எங்கே வைக்கப்பட்டன, மூன்று இடத்திலும் வந்த எண்கள் என்ன, அந்த மருத்துவமனையில் அதே கருவியில் நலமானவர்களுக்கு என்ன எண் வருகிறது என்ற அட்டவணையை டாக்டரின் நிரூபண வாக்குமூலத்தோடு சேர்க்கச் சொன்னேன். கடைசியில் சொன்னது முக்கியம். 1.5 டெஸ்லா கருவியில் வரும் எண்ணை 3 டெஸ்லா எல்லையோடு ஒப்பிட்டால் முடிவு தப்பாகிவிடும். வயது கூடினாலும் கணையத்தில் கொழுப்பு சேர்ந்தாலும் எண் மாறும்.

இவ்வளவும் கையில் இருந்தும் அந்த அறிக்கையைத் தாக்கல் செய்யலாமா என்று பல இரவுகள் யோசித்தேன். வலி பொய் இல்லை, நோய் இருக்கிறது என்று காட்ட எங்களிடம் இருந்த மிகப் பலமான சான்று அது. எதிர்த்தரப்பு கையில் அதே சான்று வேறு விதமாகப் பேசும். கணையத்தில் நார் படர்வது ஒரு நாளில் நடப்பதில்லை. அப்படியானால் 2021-ல் பாலிசி எடுக்கும் முன்பே நோய் இருந்திருக்கிறது, முன்பே உள்ள நோய்க்கான நான்கு ஆண்டுக் காத்திருப்பு முடியவில்லை என்று வாதிடுவார்கள். அது முழு வழக்கையும் சாய்க்கக்கூடிய வாதம். எம்.ஆர்.ஐ.யோ, டிசம்பரில் மருத்துவமனையில் சேர்ந்து சில மாதம் கழித்து எடுத்தது. இப்போது நார் தெரிகிறதென்றால் டிசம்பரிலும் இருந்திருக்கும் என்று நான் வாதிட்டால், 2020-லும் இருந்திருக்கும் என்று அவர்கள் சொல்வதை எந்த வாயால் மறுப்பேன்?

என் ஜூனியர், அறிக்கையை வழக்குக் கட்டிலிருந்து எடுத்துவிடலாம் என்றார். அதைச் செய்ய எனக்கு மனம் ஒப்பவில்லை. நோயாளி உண்மையைச் சொல்கிறார் என்பதற்கு இருக்கும் சான்றை, எதிர்த்தரப்புக்குப் பயந்து மறைத்தால், அவரைச் சந்தேகித்தவர்களோடு நானும் சேர்ந்துவிடுவேன். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கியதையும் மறைக்கவில்லை. புகாரில் முதல் பக்கத்திலேயே எழுதினேன். சட்டத்தின் கால் எங்கே ஊன்றுகிறது என்று பார்த்தேன். பாலிசியில் முன்பே உள்ள நோய் என்பதற்கு விளக்கம் இருக்கிறது: பாலிசிக்கு முந்தைய 48 மாதத்தில் ஒரு மருத்துவரால் கண்டறியப்பட்டதோ, மருத்துவரிடம் ஆலோசனையோ சிகிச்சையோ பெற்றதோ. உடம்புக்குள் எப்போது தொடங்கியது என்பதை அந்த விளக்கம் கேட்கவேயில்லை. அதோடு, நிராகரிப்புக் கடிதத்தில் இந்தக் காரணம் இல்லை. கடிதத்தில் சொல்லாத காரணத்தைப் பின்னால் கொண்டுவர முடியாது என்று கலாடா பவர் வழக்கில் 2016-லும் சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் 2019-லும் உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்திருக்கிறது. தாக்கல் செய்தேன்.

இன்னொரு வாதத்தைத் தெரிந்தே விட்டேன். ரோலரும் பிளாங்கெட்டும் கழுவ அச்சகங்களில் புழங்கும் பெட்ரோலியத் திரவங்களின் ஆவியைச் சுவாசிப்பதற்கும் கணைய நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று மான்செஸ்டரில் டாக்டர் ஜோன் பிராகன்ஸா நீண்ட காலம் எழுதிவந்தார். அதைப் படித்ததும் எனக்கு ஆசை வந்தது உண்மை. ஆனால் ஒரு மனிதரின் நோய்க்கு இதுதான் காரணம் என்று நிறுவும் அளவுக்கு என்னிடம் எதுவும் இல்லை. ஊகத்தை வைத்து ஒருவரைக் குடிகாரர் ஆக்காதே என்று வாதிடுகிறவன், ஊகத்தை வைத்து இன்னொருவர் மேல் பழி போடக் கூடாது.

விருதுநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. அங்கே சாட்சிகள் பெரும்பாலும் வாக்குமூலத் தாளில்தான் பேசுவார்கள். மருத்துவ நிபுணரைக் கூண்டில் ஏற்றி நாள்கணக்கில் குறுக்கு விசாரணை செய்ய வேண்டாம், எழுத்தில் கேள்வி கேட்டு எழுத்தில் பதில் வாங்கலாம் என்று ஜே.ஜே. மெர்ச்சென்ட் வழக்கில் 2002-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த வழி அது. எதிர்த்தரப்பு வக்கீல் நன்றாகத் தயாரித்திருந்தார். அவருடைய வினாப்பட்டியல் கூர்மையானது; மதிப்போடுதான் சொல்கிறேன்.

நலமானவர்களில் நூற்றுக்கு 31 பேரை நோயாளி என்று காட்டும் பரிசோதனையை நம்பலாமா என்பது முதல் கேள்வி. ‘அதை மட்டும் வைத்துக்கொண்டு நானும் நோய் என்று சொல்ல மாட்டேன். வலியின் தன்மை, லைபேஸ், எலாஸ்டேஸ், எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட், இரண்டாவது அளவு ஆகியவை எல்லாம் ஒரே திசையைக் காட்டுவதால் சொல்கிறேன்’ என்று பதில் வந்தது. நோய்க்குக் காரணம் குடியா என்று இந்த எண் காட்டுமா என்று நான் என் தரப்பில் ஒரு கேள்வி வைத்தேன். ‘காட்டாது. எந்தக் காரணத்தால் நார் படர்ந்தாலும் டி-1 நீளும்.’ அடுத்து அவர்களுடைய முக்கியமான கேள்வி: இந்த அளவு நார் படரக் குறைந்தது ஐந்து ஆண்டாவது ஆகும் அல்லவா?

அந்தப் பதிலுக்காக நான் காத்திருந்த நாட்கள் நினைவிருக்கின்றன. டாக்டரிடம் இப்படி எழுதுங்கள் என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. அவர் எழுதியது: ‘இந்த எண் இன்றைய நிலையைச் சொல்கிறது. ஒரு முறை எடுத்த அளவிலிருந்து நோய் எந்த ஆண்டில் தொடங்கியது என்று கணக்கிடும் முறை எதுவும் நானறிந்து இல்லை. நோய் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு வேகத்தில் போகிறது. அதே நபரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்தால்தான் வேகம் தெரியும். அத்தகைய ஆய்வுகள் இப்போதுதான் நடந்துகொண்டிருக்கின்றன.’ அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தும் மினிமேப் என்ற ஆய்வையும் அவர் குறிப்பிட்டிருந்தார். அந்தப் பதில் என் தரப்பையும் கட்டுப்படுத்தியது. டிசம்பரில் நார் இருந்தது என்று நானும் அந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. நான் சொல்லவில்லை. டிசம்பருக்கு, டிசம்பர் கேஸ் ஷீட்டையே வைத்தேன்: நர்ஸ் குறித்த வலி அட்டவணை, நரம்பு வழியாக ஏற்றிய திரவம், வலிக்கு மணிக்கணக்கில் போட்ட ஊசிகள், வாய்வழி உணவை நிறுத்திய உத்தரவு. பரிசோதனைக்கு மட்டும் வந்தவருக்கு இவையெல்லாம் எதற்கு?

எத்தனையோ நிபுணர்களின் வாக்குமூலங்களைப் படித்திருக்கிறேன். அழைத்தவர் பக்கம் ஓர் அங்குலம் சாயாதவர்கள் குறைவு. தன் கருவி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று இரண்டையும் ஒரே குரலில் எழுதிய அந்த டாக்டரை நான் மிக மதிக்கிறேன். எண்ணுக்கு ஒரு கவர்ச்சி உண்டு. தசமப் புள்ளியோடு வந்தால் நீதிபதிகளும் மயங்குவார்கள், வக்கீல்களும் மயங்குவோம். கேட்காத கேள்விக்கெல்லாம் அதனிடம் பதில் இருப்பதாக நினைத்துவிடுவோம். இந்த வழக்கில் இரு தரப்பும் அந்த எண்ணைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தன. அதை அதன் இடத்தில் நிறுத்தியவர் அதை அளந்தவர்தான்.

உத்தரவு எங்களுக்குச் சாதகமாக வந்தது. குடிப்பழக்கம் என்ற விலக்கை எதிர்மனுதாரர் நிரூபிக்கவில்லை. எப்போதாவது என்ற கைக்குறிப்பு, விசாரணை ஏதும் இல்லாமலே நாட்பட்ட பழக்கமாக மாறியிருப்பதை ஆணையம் ஏற்க முடியாது. கடும் வலிக்கு உள்நோயாளியாகப் பெற்ற சிகிச்சையை வெறும் பரிசோதனை என்று சொல்ல முடியாது. முன்பே உள்ள நோய் என்ற வாதம் கடிதத்தில் இல்லாததால் அதைப் பரிசீலிக்கத் தேவையில்லை. எம்.ஆர்.ஐ. அளவீட்டைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்: நோய் உண்மை என்ற முடிவுக்கு அது துணை நிற்கிறது. அதற்கு மேல் அந்த அறிக்கைக்கு ஆணையம் எதையும் ஏற்றிச் சொல்லவில்லை. அது சரியான அளவு என்றுதான் நான் நினைக்கிறேன். சிகிச்சைச் செலவை வட்டியோடும், மன உளைச்சலுக்கு ஒரு தொகையும், வழக்குச் செலவும் கொடுக்கச் சொன்னார்கள். நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போகாமல் கட்டிவிட்டது. சங்கிலி மீண்டது.

பணம் வந்த பிறகு அந்த அம்மா மறுபடி வந்தார். “அந்த வரிய அழிச்சாச்சாய்யா?” என்று கேட்டார். அழிக்கவில்லை. மருத்துவமனையின் கணினியில் ‘மதுப்பழக்கம் உண்டு’ என்றுதான் அப்போதும் இருந்தது. கணைய அழற்சிக்காரர் மறுபடி சேர நேரலாம்; அடுத்த டிஸ்சார்ஜ் சுருக்கம் பழைய சுருக்கத்தைப் பார்த்துத்தான் டைப் ஆகும். வேறு நிறுவனத்துக்குப் பாலிசியை மாற்றினாலும் அந்தத் தாள் பின்னாலேயே போகும். ஆணையத்தின் உத்தரவை இணைத்து, முதல் தாளில் உள்ளபடி சுருக்கத்தைத் திருத்தித்தரக் கேட்டு மருத்துவமனைக்கு எழுதினேன். முதலில் மறுத்தார்கள். டைப் செய்தது எந்த அடிப்படையில் என்று கேட்டு மறுபடி எழுதினேன். நிர்வாக அலுவலரைப் பார்த்து மூன்று தாள்களையும் அவர் மேசையில் விரித்தேன். அவர் வெகுநேரம் படித்துவிட்டு, அன்று இரவு பணியில் இருந்த டாக்டரைக் கூப்பிட்டு அனுப்பினார். அந்த இளைஞர் தன் கையெழுத்தைப் பார்த்து, தான் எழுதியது எப்போதாவது என்றுதான், யாரிடம் கேட்டோம் என்பதையும் எழுதியிருக்க வேண்டும் என்றார்.

திருத்திய சுருக்கம் தபாலில் வந்தது. பழக்கங்கள் என்ற இடத்தில், ‘மது: திருமணத்துக்கு முன் அரிதாக, தற்போது இல்லை. தகவல் தந்தவர்: நோயாளி’ என்று இருந்தது. மெஷின்மேன் இப்போது இரவு ஷிஃப்ட்டை விட்டுவிட்டார். சாப்பாட்டோடு என்சைம் மாத்திரை போட்டுக்கொள்கிறார். ஆண்டுக்கு ஒரு முறை சர்க்கரையும் பார்த்துக்கொள்கிறார். வலி குறைந்திருக்கிறது, போகவில்லை. அவருடைய தம்பிக்கும் அதே மாதிரி வயிற்று வலி இருப்பதாகப் போன மாதம் சொன்னார். மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம், நேராகக் குடல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், கேஸ் ஷீட்டில் எழுதுகிறபோது நீங்களே பக்கத்தில் நின்று பதில் சொல்லுங்கள் என்றேன்.